ஒரே குழாய், மூன்று ஜன்னல்: ஒரு வேனுக்குக் கண்ணாடி மாற்றிய விவரம்

ஐப்பசி மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். கல்யாண வீட்டுக் கூட்டம் ஒன்று திற்பரப்பு அருவிக்குப் போய்விட்டு வேனில் திரும்பிக்கொண்டிருந்தது. உள்ளே பன்னிரண்டு பேர், அதில் நான்கு பிள்ளைகள். சாரல் அடித்ததால் ஜன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தார்கள். திங்கள்சந்தை தாண்டி மண்டைக்காட்டுப் பக்கம் திரும்பும் குறுகலான வளைவில் எதிரே ஒரு லாரி வந்தது. சாரம் கட்டும் இரும்புக் குழாய்கள் ஏற்றியிருந்தார்கள். கட்டு தளர்ந்து ஒரு குழாய் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருந்ததை இரண்டு ஓட்டுநர்களுமே பார்க்கவில்லை. அந்தக் குழாயின் முனை வேனின் வலது பக்கத்து மூன்று ஜன்னல்களையும் வரிசையாக உரசிக்கொண்டு போனது.

ஒரே அடிதான், ஆனால் மூன்று ஜன்னலும் மூன்று விதமாக உடைந்தன. முதல் ஜன்னல் கல்கண்டு கொட்டியது போலப் பொலபொலவென்று உதிர்ந்தது. அங்கே உட்கார்ந்திருந்த அம்மாவின் மடி நிறையக் கண்ணாடி, ஆனால் கையில் இரண்டு சிராய்ப்பு மட்டும். இரண்டாவது ஜன்னல் கத்தி கத்தியாகப் பிளந்தது. ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்திக்கு முழங்கைக்குக் கீழே ஏழு தையல். மூன்றாவது ஜன்னல் வளைந்து, அப்புறம் இரண்டாகக் கிழிந்தது. கீழ்ப்பாதி ரப்பரில் மாட்டிக்கொண்டே உள்ளே சாய்ந்து நின்றது. அதன் கூர்முனை ஒரு பாட்டியின் ரவிக்கைத் தோளைக் கிழித்து, சதையைத் தொடாமல் நின்றிருந்தது.

மறுநாள் காலை அந்த வேன் என் பட்டறைக்கு வந்தது. வண்டிக்காரர் எனக்கு அண்ணன் முறை. இறங்கியதும் அவர் சொன்ன முதல் வார்த்தை, “தம்பி, பிள்ளைக்கக் கையப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல.” அந்த மூன்றாவது ஜன்னலை வெட்டி மாட்டியவன் நான். அதனால்தான் இதை முழுசாக எழுதுகிறேன்.

வேனின் பழைய கதை

முதல் ஜன்னலில் இருந்தது கம்பெனியிலிருந்து வந்த கண்ணாடி. மூலையில் தயாரித்தவர் பெயரும் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருந்தன. டஃபன்ட் என்று எல்லோரும் சொல்கிறோமே, அந்த வகை.

இரண்டாவது ஜன்னல் சில வருடம் முன்பு ஒரு வாடகைப் பயணத்தில் கல்பட்டு உடைந்திருக்கிறது. அவசரத்துக்கு வழியில் ஒரு கடையில் நிறுத்தியிருக்கிறார்கள். கடைக்காரர் அளவெடுத்து, அங்கேயே கட்டரால் கீறி, ஓரத்தைத் தட்டி, அரை மணி நேரத்தில் மாட்டிக் கொடுத்திருக்கிறார். “மக்ளே, இதும் கண்ணாடிதான், அதும் கண்ணாடிதான்” என்று சொன்னாராம். வீட்டு ஜன்னலுக்குப் போடுகிற சாதாக் கண்ணாடி அது.

மூன்றாவது ஜன்னல் தென்னை மட்டை விழுந்து உடைந்தது. மறுநாளே கல்யாண ஓட்டம் இருந்ததால் என்னிடம் இருந்த அக்ரிலிக் என்ற பிளாஸ்டிக் ஷீட்டை வெட்டிப் போட்டேன். எங்கள் ஊரில் இதைப் ஃபைபர் கண்ணாடி என்றுதான் சொல்வார்கள். “ரெண்டு வாரத்துக்குத்தான் அண்ணே, நல்ல கண்ணாடி வந்ததும் மாத்திருவோம்” என்றேன். அது பதினான்கு மாதம் ஓடியது. அவரும் கேட்கவில்லை, நானும் நினைவுபடுத்தவில்லை.

ஏன் மூன்றும் மூன்று விதமாக உடைந்தன

டஃபன்ட் கண்ணாடியைச் செய்யும் முறையிலேயே பதில் இருக்கிறது. கண்ணாடியை முதலில் அளவுக்கு வெட்டி, ஓரம் தேய்த்து, துளை வேண்டுமென்றால் துளையும் போட்டுவிடுவார்கள். அப்புறம் உலையில் 620 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இரண்டு பக்கமும் வேகமாகக் காற்று அடித்துக் குளிரவைப்பார்கள். மேல்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்ளே இருப்பது மெதுவாகக் குளிர்ந்து சுருங்கும்போது, ஏற்கெனவே இறுகிய மேல்பரப்பை இழுத்து நெருக்கும். அந்த நெருக்கம்தான் அதன் பலம். சாதாக் கண்ணாடியைவிட நான்கைந்து மடங்கு அடி தாங்கும். அந்த நெருக்கத்தைத் தாண்டி ஒரு விரிசல் உள்ளே இறங்கிவிட்டால், அடக்கிவைத்த இழுவிசை மொத்தமும் ஒரே நொடியில் விடுபட்டு, கண்ணாடி முழுவதும் சின்னச் சின்னக் கட்டிகளாகிவிடும். ஓரம் மழுங்கிய கட்டிகள் என்பதால் ஆழமாக வெட்டாது.

ரப்பரில் ஒட்டி நின்ற ஒரு துண்டைப் பிரிக்காமல் எடுத்து மேசையில் வைத்து, தீப்பெட்டி நீளத்துக்கு ஒரு சதுரம் வரைந்து எண்ணிப் பார்த்தேன். அறுபதுக்கு மேல் இருந்தது. சோதனைக் கூடத்திலும் இதைத்தான் செய்கிறார்கள்: கண்ணாடியை உடைத்து, 5 சென்டிமீட்டர் சதுரத்துக்குள் எத்தனை துண்டு என்று எண்ணுகிறார்கள். துண்டு குறைவாக, பெரிதாக இருந்தால் அந்தக் கண்ணாடி தேறாது.

சாதாக் கண்ணாடிக்குள் அப்படி அடக்கிவைத்த விசை கிடையாது. விரிசல் போன போக்கில் போகும், நீளமாகக் கூராகப் பிளக்கும். அக்ரிலிக், சாதாக் கண்ணாடியைவிட அதிகம் அடி தாங்கும் என்பது உண்மைதான். எடையும் பாதிக்குக் குறைவு: 5 மில்லிமீட்டர் கனத்தில் ஒரு சதுர மீட்டர் கண்ணாடி பன்னிரண்டரை கிலோ இருக்கும், அக்ரிலிக் ஆறு கிலோதான். ஆனால் உடைந்தால் அதுவும் பெரிய துண்டாக, முனை கூராகத்தான் உடையும். தீப்பிடித்தால் உருகி எரியும். ஸ்பிரிட் கலந்த கிளீனர் போட்டுத் துடைத்தால் மயிரிழை விரிசல் விடும். நான் போட்ட ஷீட்டின் ஓரத்தில் அந்த மயிரிழைகள் ஏற்கெனவே இருந்தன. துளை போட்டுத் திருகு முறுக்கிய இடத்திலிருந்துதான் கிழிசல் தொடங்கியிருக்கிறது.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானே இதில் பாதிதான் தெரிந்து வைத்திருந்தேன். 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதி, முன்கண்ணாடியும் ஜன்னல்களும் பாதுகாப்புக் கண்ணாடியாகவோ, 2021 முதல் அதோடு சேர்த்த ‘சேஃப்டி கிளேசிங்’ என்ற தரம் பெற்ற வகையாகவோதான் இருக்க வேண்டும் என்கிறது. முன்கண்ணாடி லேமினேட்டட், அதாவது நடுவில் படலம் வைத்து ஒட்டிய கண்ணாடியாக இருக்க வேண்டும். ஆட்டோ மாதிரி மூன்று சக்கர வண்டிகளுக்கும், துணிக்கூரையும் பக்கப்படுதாவும் உள்ள வண்டிகளுக்கும் மட்டும்தான் சாதா அக்ரிலிக்கோ பிளாஸ்டிக் ஷீட்டோ போடலாம். ஆட்டோவுக்குப் போடுகிறோமே, வேனுக்குப் போட்டால் என்ன என்ற நினைப்பு எங்கள் தொழிலில் பலருக்கும் உண்டு. எனக்கும் இருந்தது. அது தப்பு.

“உடையவே உடையாத ஒண்ணு போடு”

அண்ணன் கேட்டது இதைத்தான். சுத்தியலால் அடித்தாலும் உடையாத ஷீட் ஒன்றைக் கைப்பேசியில் காட்டினார். பாலிகார்பனேட். பொய்யில்லை. போலீஸ்காரர்களின் கேடயம், ஹெல்மெட்டின் முகமூடி, இன்றைக்கு வரும் கார்களின் ஹெட்லைட் மூடி எல்லாம் அதுதான். கண்ணாடியைவிட இருநூறு மடங்குக்கு மேல் அடி தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் சொல்வார்கள்.

நான் அவரை எழுப்பிக் கூட்டிப்போய் அவருடைய வேனின் ஹெட்லைட்டையே காட்டினேன். மஞ்சள் பூத்து, பால் படிந்த மாதிரி மங்கிக் கிடந்தது. தொழிற்சாலையில் மேல்பூச்சு போட்டு வந்த பாலிகார்பனேட்டே வெயிலிலும் உப்புக் காற்றிலும் இப்படி ஆகிறது. பூச்சில்லாத ஷீட்டை வாங்கி ஜன்னலில் போட்டால் எத்தனை நாள் வெளியே பார்க்க முடியும்?

அதோடு விடவில்லை. மண்டைக்காடு கடற்கரைக்குப் போனபோது செருப்பில் ஒட்டி வந்த கருமணலைக் கொஞ்சம் எடுத்து வைத்திருந்தேன். அக்ரிலிக், பாலிகார்பனேட், கண்ணாடி மூன்றிலும் ஒவ்வொரு துண்டு எடுத்து, ஈரத்துணியில் அந்த மணலைத் தொட்டு இருபது தடவை தேய்த்தோம். இரண்டு பிளாஸ்டிக்கும் மூடுபனி மாதிரி ஆகிவிட்டன. கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்தால்தான் கீறல் தெரிந்தது. ஆனால் கண்ணாடியிலும் கீறல் விழுந்தது என்பதைக் கவனியுங்கள். நம் கடற்கரை மணல் சாதாரண மணல் இல்லை. மணவாளக்குறிச்சியில் மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் பிரித்தெடுக்கிற இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட் எல்லாம் இதில்தான் கிடக்கின்றன. சிர்க்கானும் கார்னெட்டும் கண்ணாடியைவிடக் கடினமானவை. உப்புத்தாளில் ஒட்டுவதும், தண்ணீரைப் பீய்ச்சி இரும்பு அறுக்கிற இயந்திரத்தில் கலப்பதும் இந்தக் கார்னெட்தான். மணவாளக்குறிச்சி, மண்டைக்காடு, குளச்சல் பக்கம் வண்டி ஓட்டுகிறவர்கள் காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடாமல் இருந்தாலே முன்கண்ணாடியின் ஆயுள் கூடிவிடும். முதலில் தண்ணீர் விட வேண்டும், அப்புறம்தான் துடைக்க வேண்டும்.

பாலிகார்பனேட்டில் வேறு தொல்லைகளும் உண்டு. வெயிலில் அது நன்றாக நீளும். ஒரு மீட்டர் ஷீட் 40 டிகிரி சூடு ஏறினால் இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். கண்ணாடி அரை மில்லிமீட்டர்கூட நீளாது. இறுக்கமாகத் திருகினால் வளைந்து கிளம்பிவிடும். கண்ணாடியைச் சட்டத்தில் பிடித்திருக்கும் ஓரப்பட்டைதான் பீடிங்; சாதாரணமாகக் கடையில் கிடைக்கிற பி.வி.சி. பீடிங்கை அதில் போட்டால், பீடிங்கில் இருக்கிற எண்ணெய்ப் பசை ஷீட்டுக்குள் இறங்கி ஓரமெல்லாம் வெடிக்கும். பெட்ரோல் பட்டாலும் கெட்டுப்போகும்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் வேண்டாம் என்று சொன்னதற்கு உண்மையான காரணம் வேறு. அந்த வேனில் பயணிகள் ஏறி இறங்க இடது பக்கம் ஒரே ஒரு கதவு. 2021 நவம்பரில் நம் மாவட்டத்தில் வெள்ளம் வந்தபோது எத்தனை சாலை தண்ணீருக்குள் கிடந்தது என்று எல்லோருக்கும் நினைவிருக்கும். வேன் இடது பக்கம் சரிந்து ஒரு வாய்க்காலில் கிடந்தால் அந்தக் கதவு மண்ணில் புதைந்துவிடும். அப்போது உள்ளே இருப்பவர்கள் வெளியே வர ஜன்னல்தான் வழி. “உடையவே உடையாத ஜன்னல்னா, உள்ளயிருந்தும் உடைக்க முடியாதுண்ணே” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “சரி, நீ சொல்லு” என்றார்.

அண்ணனின் மகன், நன்றாகப் படித்த பையன், இன்னொரு கேள்வி கேட்டான்: முன்னால் இருப்பது போலவே பக்கத்திலும் லேமினேட்டட் போட்டால் என்ன? நல்ல கேள்வி. லேமினேட்டட் என்றால் இரண்டு கண்ணாடிக்கு நடுவில் பி.வி.பி. என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம், பெரும்பாலும் 0.76 மில்லிமீட்டர். உடைந்தாலும் துண்டுகள் படலத்தில் ஒட்டிக்கொண்டே நிற்கும், யாரும் வெளியே தூக்கி வீசப்படவும் மாட்டார்கள். 1903-இல் பிரான்சில் பெனடிக்டஸ் என்பவர் கை தவறிப் போட்ட ஒரு குடுவை, உள்ளே பசை காய்ந்து படிந்திருந்ததால் சிதறாமல் நின்றதைப் பார்த்துத்தான் இந்த வகையே பிறந்தது. முன்கண்ணாடிக்கு இதைவிட நல்லது இல்லை: கல்பட்டால் சிலந்திவலை மாதிரி கீறும், ஓட்டுகிறவருக்கு வழி தெரியும், வண்டியை ஓரங்கட்ட நேரம் கிடைக்கும். ஆனால் வெளியேறுகிற ஜன்னலில் அந்தப் பிடிவாதமே எதிரியாகிவிடும். 2019-இல் அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. ஜன்னல் உடைக்கும் கருவிகள் ஆறை வாங்கிச் சோதித்தது. டஃபன்ட் கண்ணாடியை நான்கு கருவிகள் உடைத்தன. லேமினேட்டட் பக்கக் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. கூரையிலும் பின்னாலும் தனி அவசர வழி உள்ள பெரிய பஸ் என்றால் நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேன். இந்த வேனுக்கு டஃபன்ட்தான் என்று முடிவு செய்தோம்.

கண்ணாடி கெடுவதில்லை, அதைப் பிடித்திருப்பது கெடுகிறது

உடைந்த ஜன்னல்களைக் கழற்றியபோது எனக்கு இன்னொரு விஷயம் தெரிந்தது. மூன்றையும் பிடித்திருந்த பீடிங் கல்லாகக் காய்ந்து வெடித்திருந்தது. அடிச்சட்டத்தின் தண்ணீர் வடியும் துளைகள் மணலால் அடைந்து கிடந்தன. அலுமினியத் தண்டவாளத்தில் இரும்புத் திருகு போட்ட இடமெல்லாம் வெள்ளைப் பொடி பூத்துக் குழி விழுந்திருந்தது. உப்புத் தண்ணீரில் இரண்டு உலோகம் ஒட்டியிருந்தால் ஒன்று மற்றதைத் தின்னும். இங்கே தின்னப்பட்டது அலுமினியம்.

டஃபன்ட் கண்ணாடிக்கு நடுவில் பலம், ஓரத்தில் பலவீனம். பீடிங் தேய்ந்து கண்ணாடியின் ஓரம் வெறும் உலோகத்தில் தட்டிக்கொண்டே ஓடினால், ஒருநாள் யாரும் தொடாமலே உதிரும். “சும்மா நின்ன வண்டியில கண்ணாடி பொட்டிப் போச்சு” என்று வருகிறவர்களில் பலருடைய வண்டியில் நான் பார்ப்பது இதுதான்.

பீடிங் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும். குலசேகரம், பேச்சிப்பாறை பக்கம் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் வளர்ந்தவன் நான். ரப்பர் என்றாலே எங்களுக்கு ஒரு பெருமை. ஆனால் ஜன்னல் பீடிங்குக்கு மரத்து ரப்பர் ஆகாது. வெயிலும் காற்றில் உள்ள ஓசோனும் அதை வெடிக்கவைத்துவிடும். இதற்கு இ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பர்தான் சரி. விலை கூடுதல்தான், ஆனால் வருடக்கணக்கில் மெத்தென்று இருக்கும். ஓரத்தில் பூசுகிற சிலிக்கான் பசையிலும் பார்த்து வாங்க வேண்டும். வினிகர் வாடை அடிக்கிற மலிவான சிலிக்கான் காயும்போது அமிலம் விடும். இரும்புச் சட்டம் துருப்பிடிக்கும், லேமினேட்டட் கண்ணாடியின் ஓரம் பால் வெள்ளையாகப் பிரியும். வாடை இல்லாத நியூட்ரல் வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

செய்த வேலை

டஃபன்ட் கண்ணாடியை உலையிலிருந்து வந்த பிறகு வெட்ட முடியாது. கீறினாலே மொத்தமும் உதிரும். அதனால் அளவு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். மூன்று ஜன்னலுக்கும் தனித்தனியாகக் கெட்டி அட்டை வெட்டி, சட்டத்தில் வைத்துப் பார்த்து, மூலை வளைவைத் தேய்த்துச் சரிசெய்து, அந்த அட்டைகளைத்தான் வெளியூருக்கு அனுப்பினோம். பத்து நாள் ஆனது. அந்தப் பத்து நாளும் அண்ணன் ஓட்டம் எடுக்கவில்லை. இடையில் ஷீட் போட்டு ஓட்டுகிறேன் என்று அவரும் கேட்கவில்லை.

வந்ததும் மூன்றின் மூலையிலும் முத்திரையைப் பார்த்தோம். ஐ.எஸ்.ஐ. குறியும், ஐ.எஸ். 2553 என்ற தர எண்ணும், டஃபன்ட் என்பதைக் காட்டும் குறியும் இருக்க வேண்டும். முத்திரை உலைக்குப் போகும் முன்பே பதிவது, நகத்தால் சுரண்டினால் போகாது. ஒட்டு ஸ்டிக்கர் என்றால் நம்ப வேண்டாம். இன்னொரு வழியும் உண்டு. போலராய்ட் கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு வானவெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் டஃபன்ட் கண்ணாடியில் புள்ளி புள்ளியாகவோ பட்டை பட்டையாகவோ நிழல் தெரியும். எல்லாவற்றையும்விட எளிது இது: வேன் ஜன்னலுக்குக் கடையில் உங்கள் கண் முன்னாலேயே கட்டரால் வெட்டிக் கொடுத்தால், அது டஃபன்ட் இல்லை.

புது இ.பி.டி.எம். பீடிங், நைலான் வாஷர் வைத்த ஸ்டீல் திருகு, அடைந்த துளைகளைத் திறந்தது, இவ்வளவுதான் மற்ற வேலை. உள்ளே எட்டுகிற உயரத்தில் இரண்டு கூர்முனைச் சுத்தியல் மாட்டினோம். அடிக்க வேண்டியது கண்ணாடியின் நடுவில் இல்லை, மூலைப் பக்கம் என்று ஒரு காகிதமும் ஒட்டினோம். அண்ணன் கறுப்பு ஃபிலிம் ஒட்டச் சொல்லிக் கேட்டார். பக்கக் கண்ணாடி குறைந்தது 50 சதவீதமும், முன்னும் பின்னும் 70 சதவீதமும் வெளிச்சம் விட வேண்டும், 2012-இல் உச்ச நீதிமன்றமே கறுப்பு ஃபிலிமைத் தடுத்திருக்கிறது என்று சொன்னதும் விட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு

இரண்டு மழைக்காலம் போய்விட்டது. பீடிங் இன்னும் விரலால் அமுக்கினால் அமுங்குகிறது. கடலோர ஓட்டம் முடிந்து வந்ததும் நல்ல தண்ணீர் விட்டு ஜன்னல் ஓடையைக் கழுவுவது அண்ணனுக்குப் பழக்கமாகிவிட்டது. நடுவில் ஒருநாள் சாலையோரம் புல்வெட்டும் இயந்திரத்திலிருந்து தெறித்த கல் இரண்டாவது ஜன்னலில் பட்டது. உதிர்ந்தது. அந்த இருக்கையில் இருந்த பையன் சட்டையை உதறிவிட்டு எழுந்தான், ரத்தம் வரவில்லை. அட்டை பட்டறையிலேயே இருந்ததால் புதுக்கண்ணாடி சொல்ல அளவெடுக்க வேண்டியிருக்கவில்லை.

ஏழு தையல் போட்ட பிள்ளையை ஒரு தடவை போய்ப் பார்த்தேன். தழும்பு இருக்கிறது, விரல்கள் நன்றாக மடங்குகின்றன. அவளுடைய அப்பா எங்கள் மேல் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அக்ரிலிக்கின் அந்தக் கீழ்ப்பாதியை நான் தூக்கிப் போடவில்லை. பட்டறை வாசலில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். “சும்மா ஒரு ஃபைபர வெட்டிப் போடுங்க” என்று வருகிறவர்களை அதன் முனையைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

வேனின் பின்கண்ணாடி ஒன்று மட்டும் பாக்கி. முந்தைய சொந்தக்காரர் காலத்தில் மாற்றியது. நான்கு மூலையிலும் தேடிப் பார்த்தோம், முத்திரை இல்லை. அடுத்த எஃப்.சி.க்கு முன்னால் மாற்ற வேண்டும். அட்டை வெட்டி வைத்தாயிற்று.